ஜெம்5 சிமுலேட்டர்ல 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஸ்டாட்ஸ் எடுக்குறது, எடுத்ததை ஒழுங்கா கூட்டிக் கழிக்கிறது

கேள்வி இதுதான்: ஒருத்தர் ஜெம்5-ல (ப்ராசஸரை சாஃப்ட்வேர்லயே ஓட்டிப் பார்க்குற சிமுலேட்டர்) 2 கிகாஹெர்ட்ஸ் அவுட்-ஆஃப்-ஆர்டர் சிபியு (இன்ஸ்ட்ரக்ஷனை வரிசை மாத்தி ஓட்டுறது) வெச்சு ஒரு ப்ரோக்ராம் ஓட்டுறாரு, ரன் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு ஸ்டாட்ஸ் ப்ளாக்தான் (அதாவது கவுண்டர் எண்ணிக்கைகளோட ஒரு தொகுப்பு) வருது, அவருக்கு 1 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு வேணும். ரீசெட் பண்ணா கேஷ் காலியாயிடுமா, டைம் வெச்சு வெட்டணுமா இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கை வெச்சு வெட்டணுமா, அப்புறம் எப்படியோ விண்டோ விண்டோவா (துண்டு துண்டா) எடுத்துப் பார்த்தா எம்பிகேஐ (ஆயிரம் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு எத்தனை கேஷ் மிஸ்) ஆவரேஜ் மொத்த ரன் எம்பிகேஐ-யோட கிட்டக்கூட வரலையே, ஏன்?

கடைசிக் கேள்விதான் இதுல பெரிய கேள்வி, மத்ததெல்லாம் ரெண்டு வரி வேலை. ஆனா அந்த ரெண்டு வரியிலயும் சில குழி இருக்கு, அதனால வரிசையா போறேன். கோடு பேஸ்ட் பண்ணல, ஃபங்ஷன் பேரைச் சொல்லிட்டே போறேன், டாக்குமெண்டேஷன்ல தேடினா உடனே கிடைக்கும்.

பைத்தான் கான்ஃபிக் ஸ்கிரிப்ட்ல எம்5 ஸ்டாட்ஸ் மாட்யூல்னு ஒண்ணு இருக்கு, அதுல டம்ப் (கவுண்டரை ஃபைல்ல எழுதுறது), ரீசெட் (கவுண்டரை சைபராக்குறது) ரெண்டும் தனித்தனி ஃபங்ஷன், கூடவே பீரியாடிக் ஸ்டாட் டம்ப்னு மூணாவது ஒண்ணு. நீங்க தேடுறது இந்த மூணாவதுதான். அதுக்கு ஒரு நம்பர் குடுக்கணும், அந்த நம்பர் டிக் கணக்குல. ஜெம்5-ல சாதாரணமா 1 டிக்னா 1 பிக்கோசெகண்ட், அதனால 1 மில்லிசெகண்டுக்கு 100 கோடி டிக் குடுக்கணும். 2 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிள் 500 டிக், ஆக ஒரு விண்டோல 20 லட்சம் சைக்கிள் இருக்கும். நிறைய பேர் சைக்கிள் நம்பரை நேரா தூக்கி இதுல போட்டுட்டு, எதிர்பார்த்ததைவிட 500 மடங்கு ப்ளாக் வந்து டிஸ்க் நிறைஞ்சு போச்சுனு வந்து நிப்பாங்க. டிக்கா மாத்த எம்5 டிக்ஸ் மாட்யூல்ல ஃப்ரம் செகண்ட்ஸ்னு ஃபங்ஷன் இருக்கு, இன்ஸ்டன்ஷியேட் கூப்பிட்டதுக்கு அப்புறம் அதை யூஸ் பண்ணுங்க, கையால சைபர் எண்ணாதீங்க.

இந்தப் பீரியாடிக் ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் டம்ப் பண்ணிட்டு உடனே ரீசெட்டும் பண்ணிடும், ரெண்டும் சேர்ந்தேதான். அதாவது ஒவ்வொரு ப்ளாக்கும் அந்த விண்டோக்கு மட்டுமான கணக்கு, ஆரம்பத்துலேர்ந்து கூட்டினது இல்ல. இதைத் தெரியாம, வந்த ப்ளாக்கை முந்தின ப்ளாக்லேர்ந்து கழிச்சு மைனஸ் நம்பர் வந்துச்சுனு மண்டையைப் பிச்சுக்கிட்டவங்க உண்டு. எது விண்டோ கணக்கு எது மொத்தக் கணக்குனு சந்தேகம் வந்தா ப்ளாக்கோட மேல பாருங்க, சிம் டிக்ஸ்னு ஒரு வரி, ஃபைனல் டிக்னு ஒரு வரி இருக்கும். சிம் டிக்ஸ் கடைசி ரீசெட்லேர்ந்து எண்ணினது, ஃபைனல் டிக் எப்பவுமே ரீசெட் ஆகாது, செக்பாயிண்ட்லேர்ந்து (நடுவுல சேமிச்சு வெச்ச நிலை) ரெஸ்டோர் பண்ணாலும் பழைய நேரத்துலேர்ந்தே தொடரும். கிராஃப் போடும்போது எக்ஸ் ஆக்ஸிஸ்க்கு ஃபைனல் டிக்கைத்தான் எடுக்கணும், ப்ளாக் நம்பரை 1 மில்லிசெகண்டால பெருக்கிப் போட்டா எங்கயோ ஒரு இடத்துல கிராஃப் நகர்ந்திருக்கும், உங்களுக்கே தெரியாது.

ஏன் நகரும்னா, முதல் விண்டோ எல்லா நேரமும் முழு விண்டோவா இருக்காது. சோர்ஸ்ல ஸ்டாட் கண்ட்ரோல் ஃபைலைத் திறந்து பார்த்தீங்கன்னா தெரியும், நீங்க குடுத்த பீரியட் இப்போ ஓடிட்டிருக்குற டிக்கைவிடப் பெரிசாவோ சமமாவோ இருந்தா முதல் டம்ப் அந்தப் பீரியட் நம்பர்லயே நடக்கும், சின்னதா இருந்தாத்தான் இப்போதைய டிக்கோட கூட்டிக்கும். அதாவது 0.4 மில்லிசெகண்ட் ஓடினப்புறம் 1 மில்லிசெகண்ட் பீரியட் வெச்சா முதல் ப்ளாக் 1.4-ல வராது, 1.0-லயே வந்துடும். நடுவுல நீங்க ரீசெட் பண்ணியிருந்தா அந்த ப்ளாக்ல 0.6 மில்லிசெகண்டுக்கான கணக்குதான் இருக்கும். பக் கிடையாது, அப்படித்தான் எழுதியிருக்காங்க. கடைசி ப்ளாக்கும் இதே கதைதான், சிமுலேஷன் முடியும்போது ஜெம்5 தானா ஒரு டம்ப் போடும், அது பாதி விண்டோவா இருக்கும். நீங்களே வொர்க் எண்ட்ல (அளக்க வேண்டிய பகுதி முடியுற இடம்) டம்ப் பண்ணி ரீசெட்டும் பண்ணிட்டு, அப்புறம் ப்ரோக்ராம் கொஞ்ச நேரம் ஓடி எக்ஸிட் ஆச்சுன்னா, கடைசியில கிட்டத்தட்ட காலியா ஒரு ப்ளாக் வந்து உக்காந்திருக்கும். அதே டிக்ல ரெண்டாவது தடவை முழு டம்ப் கூப்பிட்டா மட்டும் கண்டுக்காம விட்டுடும். அதனால ப்ளாக் எண்ணிக்கையை நம்பி எதையும் எழுதாதீங்க.

பைத்தான் பக்கம் போகாம ப்ரோக்ராம் உள்ளேர்ந்தே பண்ணவும் வழி இருக்கு. எம்5 யுடிலிட்டில டம்ப் ரீசெட் ஸ்டாட்ஸ்னு ஒரு கமாண்ட், அதுக்கு எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கணும், எவ்வளவு இடைவெளினு ரெண்டு நம்பர். இங்க கணக்கு நானோசெகண்ட், டிக் இல்ல, அதனால 1 மில்லிசெகண்டுக்கு 10 லட்சம். ஃபுல் சிஸ்டம் மோட்ல (சிமுலேட்டர் உள்ள லினக்ஸே ஓடுறது) ஷெல் ஸ்கிரிப்ட்ல லூப் போட்டு ஒவ்வொரு தடவையும் இந்தக் கமாண்டைக் கூப்பிடுறவங்களைப் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம். ஒவ்வொரு தடவையும் லினக்ஸ் ஒரு ப்ராசஸ் ஃபோர்க் பண்ணி, எக்ஸெக் பண்ணி, பேஜ் ஃபால்ட் எடுத்து, அதெல்லாம் சேர்ந்து நீங்க அளக்க வந்த கேஷையே கலைச்சுடும். பீரியட் குடுத்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டா போதும், மிச்சத்தை சிமுலேட்டரோட ஈவெண்ட் க்யூ பார்த்துக்கும். இன்னும் நல்லது, சி ப்ரோக்ராம்லயே எம்5 லைப்ரரியை லிங்க் பண்ணி வொர்க்லோடு ஆரம்பிக்கிற இடத்துல அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுறது, அது ஒரே ஒரு சூடோ இன்ஸ்ட்ரக்ஷன் (சிமுலேட்டருக்கு மட்டும் புரியுற கட்டளை), கலக்கம் கண்ணுக்கே தெரியாது.

பைத்தான் பக்கத்துலேர்ந்தோ ஈவெண்டாவோ டம்ப் நடந்தா சிமுலேட் ஆகுற நேரம் ஒரு பிக்கோசெகண்ட்கூட நகராது. நிஜ மெஷின்ல பெர்ஃப் ஸ்டாட்ங்கிற லினக்ஸ் டூல் வெச்சு மில்லிசெகண்ட் கணக்குல படிச்சா படிக்கிறதே ஒரு சுமை, கவுண்டர் பத்தலன்னா மாத்தி மாத்தி எண்ணி உத்தேசம் பண்ணும். சிமுலேட்டர்ல அந்தத் தொல்லை இல்ல, கவுண்டர் எத்தனை வேணாலும் இருக்கும், படிக்கிறதும் இலவசம், உங்க ஹோஸ்ட் மெஷினோட நேரமும் டிஸ்க்கும்தான் செலவு.

அப்போ ரீசெட் கேஷைக் காலி பண்ணுமா? பண்ணாது. பைக்ல ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்குனா டேங்க்ல இருக்குற பெட்ரோல் எங்கயும் போகாதுல்ல, அதேதான். கேஷ்ல இருக்குற லைன், ப்ரான்ச் ப்ரெடிக்டர் கத்துக்கிட்டது, டிஎல்பி (மெமரி முகவரி மாத்துறதுக்கான கேஷ்), பைப்லைன்ல பாதி வழியில இருக்குற இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் அப்படியே இருக்கும், எண்ணிக்கை மட்டும் சைபர். சிமுலேட் ஃபங்ஷனை 100 கோடி டிக்னு லிமிட் குடுத்து லூப்ல கூப்பிட்டு நடுவுல டம்ப் ரீசெட் பண்ணாலும் இதேதான், அது திரும்பி வரும்போது பைப்லைனை ட்ரெயின் (drain, அதாவது உள்ள இருக்குறதை முடிச்சுக் காலி) பண்றதில்ல. செக்பாயிண்ட் எடுக்கும்போதும் சிபியு மாடலை மாத்தும்போதும்தான் ட்ரெயின் நடக்கும். சிபியு மாத்துறதுனு சொன்னதும் இன்னொண்ணு, அட்டாமிக் சிபியு-ல வேகமா ஓட்டிட்டு அப்புறம் டீட்டெய்ல்டு சிபியு-க்கு மாறுற பழைய ஸ்கிரிப்ட் யூஸ் பண்ணீங்கன்னா, மாறினதுக்கு அப்புறம் வர்ற கணக்கு சிஸ்டம் சிபியு பேர்ல இருக்காது, ஸ்விட்ச் சிபியுஸ்ங்கிற பேருக்குக் கீழ போயிடும். "எல்லா விண்டோலயும் ஐபிசி (ஒரு சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன்) சைபரா இருக்கு"ன்னு வர்ற கேள்வில பாதிக்கு மேல இதுதான்.

ரீசெட் எதையும் கலைக்காதுனா ஓரத்துல பிரச்சினையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஒரு கேஷ் மிஸ் இந்த விண்டோல கிளம்பி அடுத்த விண்டோல டேட்டா வந்து சேரலாம். மிஸ் எண்ணிக்கை கிளம்பும்போதே கூடிடும், மிஸ் லேட்டன்ஸி டேட்டா வந்தப்புறம்தான் கூடும். அதனால ஒரு விண்டோல லேட்டன்ஸியை மிஸ்ஸால வகுத்தா ஓரத்துல கொஞ்சம் பிசிறடிக்கும். 1 மில்லிசெகண்ட் விண்டோல இது ஒண்ணுமே இல்ல, டீஃபால்ட் ஓ3 சிபியு-ல (ஜெம்5-ஓட அவுட்-ஆஃப்-ஆர்டர் மாடல்) ரீஆர்டர் பஃபர், அதாவது முடியாம நிக்கிற இன்ஸ்ட்ரக்ஷனுக்கான இடம், 192 என்ட்ரி, 20 லட்சம் சைக்கிள் பக்கத்துல அது தூசு. ஆனா நீங்க ஆசைப்பட்டு 1 மைக்ரோசெகண்டுக்கு இறங்குனீங்கன்னா விண்டோவே 2000 சைக்கிள்தான், ஒரு டிராம் ஆக்ஸஸ் 100 லேர்ந்து 200 சைக்கிள் எடுத்துக்கும், விண்டோல பத்துல ஒரு பங்கு ஓரமாவே போயிடும். மிஸ் சைபர், லேட்டன்ஸி மட்டும் இருக்குற விண்டோ, மிஸ் இருக்கு லேட்டன்ஸி இல்லாத விண்டோனு விதவிதமா வரும், வகுத்தா இன்ஃபினிட்டியோ சைபரோ வரும். என்னைக் கேட்டா, 10 மைக்ரோசெகண்டுக்குக் கீழ போக ஒரு உருப்படியான காரணம் இருந்தா மட்டும் போங்க, ப்ரோக்ராமோட ஃபேஸ் (ஒரு மாதிரி வேலை நடக்குற கட்டம்) மாறுறதைப் பார்க்க 1 மில்லிசெகண்டோ 100 மைக்ரோசெகண்டோ தாராளம்.

டிஸ்க் கணக்கும் போட்டுப் பாருங்க. உங்க கான்ஃபிக்ல ஒரு ப்ளாக் 300 கிலோபைட்னு வெச்சுக்குவோம், 1 செகண்ட் சிமுலேட் பண்ணா 1 மில்லிசெகண்டுக்கு 1000 ப்ளாக், 300 மெகாபைட், பரவால்ல. 10 மைக்ரோசெகண்ட்னா 1 லட்சம் ப்ளாக், 30 கிகாபைட், ஒவ்வொரு டம்ப்லயும் ஆயிரக்கணக்கான கவுண்டரை டெக்ஸ்டா மாத்தி எழுதுற நேரம் வேற. எல்லாமே வேணும்னு அவசியமில்லைன்னா ஸ்டாட்ஸ் ரூட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எல்2 கேஷ், ஒரு கோர்னு குறிப்பிட்ட ஆப்ஜெக்டுக்குக் கீழ இருக்குறதை மட்டும் எழுதச் சொல்லலாம். விளக்க வரியையும் ஸ்டாட்ஸ் ஃபைல் ஆப்ஷன்லயே ஆஃப் பண்ணலாம், அதுலயே ஃபைல் நல்லா இளைச்சுடும். ஹெச்டிஎஃப்5 லைப்ரரியோட கம்பைல் பண்ணியிருந்தா டெக்ஸ்டுக்குப் பதிலா அந்த ஃபார்மேட்ல எழுதச் சொல்லலாம், ஒவ்வொரு கவுண்டரும் நேரத்தோட நீளுற அர்ரேவா வந்துடும், பைத்தான்ல நேரா படிச்சு ப்ளாட் போடலாம். ஆனா டிஸ்ட்ரிப்யூஷன் வகை ஸ்டாட்ஸ் அதுல வராது, வார்னிங் ஒரு தடவை போட்டுட்டு விட்டுடும். லேட்டன்ஸி ஹிஸ்டோகிராம் வேணும்னா டெக்ஸ்ட்தான் கதி.

டெக்ஸ்டைப் பார்ஸ் பண்றவங்களுக்கு ஒரு விஷயம், இதுல வழுக்கி விழாதவங்க கம்மி. ஃபைல்ல ஒவ்வொரு ப்ளாக்கும் பிகின் சிமுலேஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு கோட்டுல ஆரம்பிச்சு எண்ட்னு ஒரு கோட்டுல முடியும், அதை வெச்சுப் பிரிக்கிறது சுலபம். ஆனா எல்லா ப்ளாக்லயும் ஒரே எண்ணிக்கையில வரி இருக்காது. பல கவுண்டருக்கு நோஜீரோங்கிற ஃப்ளாக் போட்டிருப்பாங்க, மதிப்பு சைபர்னா அந்த வரியே பிரிண்ட் ஆகாது. மொத்த ரன்னுக்கு ஒரே ப்ளாக்னு இருக்கும்போது இது கண்ணுல படாது, விண்டோ சின்னதாக ஆகத்தான் நிறைய கவுண்டர் சைபராகி வரி காணாமப் போகும். நீங்க கிரெப் பண்ணி, வந்த நம்பரையெல்லாம் வரிசையா ஒரு காலம்ல அடுக்கினா, காணாமப்போன வரிக்குப் பின்னாடி எல்லாம் ஒவ்வொண்ணா மேல ஏறிடும், 37-வது விண்டோவோட மிஸ் 36-வது விண்டோவோட இன்ஸ்ட்ரக்ஷன் பக்கத்துல போய் நிக்கும். கிராஃப் பார்க்க நல்லாத்தான் இருக்கும், தப்பா இருக்கும், அவ்வளவுதான். அதனால ஒவ்வொரு ப்ளாக்கையும் தனி டிக்ஷனரியா படிச்சு, பேர் இல்லைன்னா சைபர்னு போட்டு, அப்புறம்தான் டேபிள் ஆக்கணும்.

இப்போ அந்த எம்பிகேஐ சமாச்சாரம். ரெண்டு விண்டோ எடுத்துக்குவோம், ரெண்டும் 1 மில்லிசெகண்ட், ரெண்டுலயும் 20 லட்சம் சைக்கிள். முதல் விண்டோல ப்ரோக்ராம் நல்லா ஓடுது, 30 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன் கமிட் ஆச்சு, எல்2 மிஸ் 3000. ரெண்டாவதுல லிங்க்டு லிஸ்ட்ல தாவித் தாவிப் போகுது, 4 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன்தான் கமிட் ஆச்சு, மிஸ் 12000. முதல் விண்டோக்கு ஐபிசி 1.5, எம்பிகேஐ 1. ரெண்டாவதுக்கு ஐபிசி 0.2, எம்பிகேஐ 30. எம்பிகேஐ ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 15.5. ஆனா நிஜமா நடந்தது 34 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன்ல 15000 மிஸ், அதாவது 4.41. ஏன் இவ்வளவு தூரம்னா, எம்பிகேஐ-க்கு அடில இருக்குறது இன்ஸ்ட்ரக்ஷன், நீங்க வெட்டினது நேரத்தை, ரெண்டாவது விண்டோல இன்ஸ்ட்ரக்ஷன் முதல் விண்டோல இருந்ததுல ஏழரைல ஒரு பங்குதான் இருந்துச்சு, ஆனா ஆவரேஜ்ல அதுக்கும் சரிபாதி ஓட்டு குடுத்துட்டீங்க.

வேடிக்கை என்னன்னா இதே ரெண்டு விண்டோல ஐபிசி-யை ஆவரேஜ் போட்டா 0.85, மொத்தக் கணக்கும் 34 லட்சத்தை 40 லட்சத்தால வகுத்தா 0.85, கச்சிதமா ஒத்துப்போகும். உடனே ஐபிசி ஆவரேஜ் எப்பவும் சரினு முடிவு பண்ணிடாதீங்க. இதே ப்ரோக்ராமை 10 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஒரு தடவைனு வெட்டினா, 1.5 ஐபிசி-ல ஓடுற விண்டோ சுமார் 6,66,667 சைக்கிள், 0.2-ல ஓடுற விண்டோ 50 லட்சம் சைக்கிள். ஆவரேஜ் போட்டா மறுபடி அதே 0.85 வரும், ஆனா நிஜம் 20 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன், 56,66,667 சைக்கிள், ஐபிசி 0.353. நம்பர் அதேதான், ஒரு இடத்துல சரி, இன்னொரு இடத்துல ரெண்டு மடங்குக்கு மேல தப்பு. இன்ஸ்ட்ரக்ஷன் வெச்சு வெட்டினா ஐபிசி-க்கு ஹார்மோனிக் மீன் போடணும், இல்ல சிபிஐ-யா (ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு எத்தனை சைக்கிள்) மாத்தி சாதா ஆவரேஜ் போடணும், எம்பிகேஐ அங்க சாதா ஆவரேஜ்லயே சரியா வரும். இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிறதைவிட, ரேஷியோ எதையுமே ஆவரேஜ் பண்ணாம, மேல இருக்குற எண்ணிக்கையைத் தனியா கூட்டி, கீழ இருக்குற எண்ணிக்கையைத் தனியா கூட்டி, கடைசியில ஒரே ஒரு தடவை வகுக்குற பழக்கம் வெச்சுக்கிட்டா போதும், எப்படி வெட்டினாலும் சரியா வரும். ஜெம்5 எழுதுற ஐபிசி, மிஸ் ரேட் எல்லாம் டம்ப் நேரத்துல கணக்குப் போடுற ஃபார்முலாதான், ரீசெட் பண்ணியிருந்தா அந்த விண்டோக்குச் சரி, ரீசெட் பண்ணாம டம்ப் மட்டும் பண்ணியிருந்தா ஆரம்பத்துலேர்ந்து சேர்ந்த மதிப்பு, அப்படி வந்த ரெண்டு மிஸ் ரேட்டைக் கழிச்சா கிடைக்கிறதுக்கு அர்த்தமே கிடையாது.

ரீசெட் பண்ணாம டம்ப் மட்டும் பண்ணிட்டு அப்புறம் கழிச்சுக்கலாம்னு ஒரு கட்சி உண்டு, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுலயும் கணக்கு எடுக்கலாம், ஒரு ப்ளாக் கெட்டுப்போனாலும் மத்தது தப்பிக்கும். சாதா கவுண்டருக்கு அது சரி. ஜெம்5-ல ஹிஸ்டோகிராம் வகை ஸ்டாட்ஸ் பெரிய மதிப்பு வந்தா பக்கெட் அகலத்தைத் தானே கூட்டிக்கும், அப்போ ரெண்டு ப்ளாக்லயும் பக்கெட் வேற வேற, எதை எதுலேர்ந்து கழிப்பீங்க? மேக்ஸிமம் மினிமம் கழிக்கவே முடியாது. அதனால ஜெம்5-ல நான் ரீசெட் கட்சி.

டைமா இன்ஸ்ட்ரக்ஷனா? ஒரே த்ரெட், ஒரே கோர், ரெண்டு வேற வேற கேஷ் டிசைனை ஒப்பிடணும்னா இன்ஸ்ட்ரக்ஷன் வெச்சு வெட்டுங்க. அப்போதான் டிசைன் ஏ-யோட 50-வது விண்டோவும் டிசைன் பி-யோட 50-வது விண்டோவும் ப்ரோக்ராம்ல ஒரே இடம். டைம் வெச்சு வெட்டினா வேகமான டிசைன் முன்னாடி ஓடிப் போயிருக்கும், 50-வது விண்டோல ஒருத்தர் சார்ட்டிங்ல இருப்பாரு, இன்னொருத்தர் இன்னும் ஃபைல் படிச்சிட்டிருப்பாரு, ரெண்டு கோட்டையும் ஒரே கிராஃப்ல போட்டு என்ன பிரயோஜனம். 2002-ல வந்த சிம்பாயிண்ட் முறையும் இன்ஸ்ட்ரக்ஷன் வெச்சுத்தான் வெட்டுது, ஆரம்பத்துல 10 கோடி இன்ஸ்ட்ரக்ஷன் ஒரு இண்டர்வெல்னு வெச்சு, ஒவ்வொரு இண்டர்வெல்லயும் எந்த பேஸிக் ப்ளாக் எத்தனை தடவை ஓடுச்சுன்னு பார்த்து ஒரே மாதிரி இருக்குறதைக் கூட்டமா பிரிக்கும். 2003-ல கார்னகி மெலன்லேர்ந்து வந்த ஸ்மார்ட்ஸ் 1000 இன்ஸ்ட்ரக்ஷன் மாதிரி ரொம்பச் சின்னச் சின்னத் துண்டா, சீரான இடைவெளியில நிறைய எடுத்து அளக்கும், நடுவுல இருக்குற தூரத்தைக் கேஷும் ப்ரெடிக்டரும் சூடா இருக்குற மாதிரி மட்டும் வேகமா ஓட்டிட்டுப் போகும்.

ஜெம்5-ல இன்ஸ்ட்ரக்ஷன் வெச்சு வெட்ட, சிபியு-ல ஷெட்யூல் இன்ஸ்ட் ஸ்டாப் இருக்கு, ஸ்டாண்டர்டு லைப்ரரி யூஸ் பண்ணா சிமுலேட்டர் ஆப்ஜெக்ட்ல ஷெட்யூல் மேக்ஸ் இன்ஸ்ட்ஸ், அதுக்கான எக்ஸிட் ஈவெண்ட்ல ஒரு ஜெனரேட்டர் எழுதி டம்ப், ரீசெட், மறுபடி ஷெட்யூல், யீல்டு ஃபால்ஸ்னு சுத்தவிடணும். மறுபடி ஷெட்யூல் பண்ண மறந்தா ஒரே ஒரு விண்டோவோட நின்னுடும். ஓ3 சிபியு ஒரே சைக்கிள்ல பல இன்ஸ்ட்ரக்ஷன் கமிட் பண்றதால சரியா 10,00,000-ல நிக்காது, சில இன்ஸ்ட்ரக்ஷன் தாண்டியிருக்கும், அதனால வகுக்கும்போது 10 லட்சம்னு நீங்களே போடாம ப்ளாக்ல இருக்குற சிம் இன்ஸ்ட்ஸை எடுங்க. எக்ஸ்86-ல ஓட்டினா சிம் ஆப்ஸ்னு பக்கத்துலயே இன்னொரு வரி இருக்கும், அது மைக்ரோ ஆப் கணக்கு, இன்ஸ்ட்ரக்ஷனைவிட அதிகமா இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மல்ட்டி த்ரெட்டுன்னா கதை தலைகீழ். ஒரு கோர் லாக்குக்காகச் சுத்திக்கிட்டே இருந்தா இன்ஸ்ட்ரக்ஷன் எகிறும், ஐபிசி அழகா இருக்கும், வேலை ஒண்ணும் நடந்திருக்காது. எந்தக் கோரோட இன்ஸ்ட்ரக்ஷனை வெச்சு வெட்டுறதுங்கிறதும் தெளிவா இல்ல. அங்க டைம்தான், இன்னும் நல்லது ப்ரோக்ராமோட சொந்த எல்லை, ஒரு இட்டரேஷன், ஒரு ஃப்ரேம், ஒரு ரிக்வெஸ்ட்னு எம்5 ஆப் (மேல சொன்ன சூடோ இன்ஸ்ட்ரக்ஷன்) போட்டு வெட்டுறது. பவர், டெம்பரேச்சர் கணக்குக்காக மெக்பேட் மாதிரி பவர் கணக்கிடுற டூல் ஒண்ணுக்கு அனுப்பப் போறீங்கன்னா அப்பவும் டைம் விண்டோதான், வாட்ஸ்னாலே நேரத்தால வகுக்குறதுதானே.

ஃபுல் சிஸ்டம்ல டைம் விண்டோ வெச்சா ஒரு கோளாறு தெரியும். லினக்ஸ் கெர்னல் 250 ஹெர்ட்ஸ் டைமர்னா 4 மில்லிசெகண்டுக்கு ஒரு இண்டரப்ட், உங்க 1 மில்லிசெகண்ட் விண்டோல ஒவ்வொரு நாலாவது விண்டோலயும் கெர்னல் கோடு கொஞ்சம் எட்டிப்பார்க்கும், கிராஃப்ல சீரா பல்லு பல்லா வரும், ப்ரோக்ராமோட ஃபேஸ்னு நினைச்சு ரெண்டு பத்தி எழுதிடாதீங்க. விண்டோவைக் கொஞ்சம் மாத்தி, 0.7 மில்லிசெகண்ட்னு வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க, பல்லு இடம் மாறினா அது டைமர்க்கும் விண்டோக்கும் நடுவுல நடக்குற கூத்து.

மத்த சிமுலேட்டர்ல இதைவிட எளிசாவும் இருக்கு. சேம்ப்சிம்ல ஹார்ட்பீட்னு ஒண்ணு தானாவே 1 கோடி இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஒரு வரி போட்டுட்டே வரும், அந்த விண்டோவோட ஐபிசி-யும் ஆரம்பத்துலேர்ந்து சேர்ந்த ஐபிசி-யும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும், மேல சொன்ன வித்தியாசத்தைக் கண்ணால பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்னைப்பர் கவுண்டரையெல்லாம் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல ஸ்னாப்ஷாட்டா போட்டு வெக்கும், பீரியாடிக்கா எடுக்க ஸ்கிரிப்டும் கூடவே வருது, ரெண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவுல உள்ள வித்தியாசத்தை அதோட டூலே எடுத்துக் குடுத்துடும். இசட்சிம் ஃபேஸ் (அதுல குறிப்பிட்ட சைக்கிள் கொண்ட ஒரு துண்டு) கணக்குல ஹெச்டிஎஃப்5-ல எழுதும்.

கேள்வி கேட்டவரே, நீங்க எழுதியிருந்ததைப் பார்த்தா அடுத்து சொந்தமா ஒரு சின்னச் சிமுலேட்டர் எழுதுற ஐடியாவும் இருக்கு போல. அதுல எல்லாரும் முதல்ல எழுதுறது, மெயின் லூப்ல சைக்கிள் நம்பரை விண்டோவால வகுத்து மீதி சைபர்னா டம்ப். ரெண்டு விதத்துல கடிக்கும். ஒண்ணு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வகுத்தல். ரெண்டாவது இன்னும் மோசம், வேகத்துக்காக எதுவும் நடக்காத சைக்கிளைத் தாண்டிப் போற மாதிரி பின்னாடி மாத்துவீங்க, அப்போ 19,99,990-லேர்ந்து 20,00,150-க்கு நேரா தாவிடும், மீதி சைபராகுற சைக்கிள் வரவே வராது, அந்த விண்டோ சத்தமில்லாம அடுத்ததோட ஒட்டிக்கும். அடுத்த டம்ப் எப்போனு ஒரு வேரியபிள் வெச்சு, சைக்கிள் அதைத் தொட்டாலோ தாண்டினாலோ டம்ப்னு எழுதுங்க, எவ்வளவு சைக்கிள் நிஜமா ஓடுச்சுங்கிறதையும் அதே வரியில எழுதுங்க. கவுண்டரையெல்லாம் பேரோட ஒரு டேபிள்ல ரெஜிஸ்டர் பண்ணி, டம்ப் நேரத்துல ஒரு சுத்து சுத்தி சிஎஸ்வி-ல ஒரு வரி, அவ்வளவு போதும், சைபரா இருந்தாலும் எழுதுங்க. கவுண்டர் எல்லாம் 64 பிட்டா இருக்கட்டும், 32 பிட்ல சைக்கிள் எண்ணினா 429 கோடிக்கு மேல சுத்தி சைபருக்கு வந்துடும், 2 கிகாஹெர்ட்ஸ்ல அது சுமார் 2.1 செகண்ட். ஒவ்வொரு வரி எழுதினதும் ஃப்ளஷ் பண்ணிடுங்க, ஜெம்5-ம் ஒவ்வொரு ப்ளாக் முடிவுலயும் அதைத்தான் பண்ணுது, க்ளஸ்டர்ல டைம் லிமிட் தாண்டி ஜாபைக் கொன்னாலும் அதுவரைக்கும் எடுத்த விண்டோ எல்லாம் கையில இருக்கும்.